பிசிரா, ஓட்டையா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது. பேசியதைப் பெரும்பாலும் பேசியபடியே எழுதியிருக்கிறோம்.)

வாரத்தில் ஒரு நாள் லீவு, அன்றைக்குத்தான் ஒரு வாரத் துணியைத் துவைக்கணும். அதை ஊற வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'கல்யாணக் கடனும் தவணை கட்டுதலும்'. செயலாளர் அக்கா போன் செய்து, "நீ செக்கிங்ல இருக்கறவ, கணக்கா பேசுவே" என்று சொன்னார்கள். நானும் நோட்டை எடுத்துக் கணக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, கடன் வாங்குகிற நாளுக்கு ரொம்ப முன்னாடியே கணக்கு ஆரம்பித்துவிடுகிறது என்று தோன்றியது. ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய்ப் பார்த்து, பஜ்ஜி சாப்பிட்டு, வெளியே வந்து 'வேண்டாம்' என்று சொல்கிறோமே, அங்கேதான் ஆரம்பம். அதனால் அந்த 'வேண்டாம்' பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். தலைப்பு மாறிப் போனதற்குத் தலைவி அக்கா கோவிச்சுக்கக் கூடாது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பதினேழு வயசில் பிசிர் வெட்டப் போனேன். அப்புறம் கைமடி, அப்புறம் செக்கிங் டேபிள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தலைக்கு மேலே டியூப் லைட், முன்னாடி டேபிள், ஒரு பக்கம் பீஸ் குவியல். ஒரு பீஸை எடுத்தால் கழுத்து, தோள், கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு, திருப்பிப் போட்டு உள்பக்கம். தப்பு இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டணும். இங்கே பாதிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள்தான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு விஷயம் சொல்லணும். புதுசாகச் செக்கிங்குக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் முதல் வாரம் ஒரே தப்பைச் செய்வார்கள். பிசிர் நீட்டிக்கொண்டிருந்தால் ரிஜக்ட், ஆயில் கறை இருந்தால் ரிஜக்ட் என்று போட்டுக் குவித்துவிடுவார்கள். பிசிரை வெட்டிவிடலாம். ஆயில் கறையை கன்னில் அடித்து எடுத்துவிடலாம். தையல் விட்டிருந்தால் ஆல்ட்ரேஷனுக்கு டெய்லரிடம் போகும், திரும்பி வரும். ஆனால் ஊசி ஓட்டை ஒன்று இருக்கும், கடுகு அளவுகூட இருக்காது. கையை உள்ளே விட்டு விரித்துப் பார்த்தால்தான் தெரியும். புதுப் பிள்ளை அதைப் பார்க்காமல் பாஸ் பண்ணிவிடும். பின்னலாடை பாருங்க, ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணி சும்மா இருக்காது. இரண்டு தடவை துவைத்தால் விரல் நுழையும்.

கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற தப்பு ஒன்று. துவைத்தால் பெரிசாகிற தப்பு வேறொன்று. நம் வீட்டுக் கல்யாணப் பேச்சில் நாம் எல்லாரும் முதல் வாரத்துச் செக்கிங் பிள்ளை மாதிரிதான் நடந்துகொள்கிறோம்.

என் கதையையே சொல்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன்.

என்னைப் பெண் பார்க்க நாலு இடத்தில் வந்தார்கள். முதலில் வந்தவர்கள், பெண் கறுப்பு என்றார்கள். எங்கள் அம்மாயி ஒரு மாசம் எனக்குக் கடலை மாவும் பாலாடையும் பூசினார்கள். முகம் வழவழப்பாச்சு, நிறம் அப்படியேதான் இருந்தது. இரண்டாவது இடத்தில் முன்பல் கொஞ்சம் எத்து என்று காரணம். மூன்றாவது இடத்தில் என்னை நடக்கச் சொன்னார்கள். வாசலில் இருந்து அடுப்படி வரைக்கும் நடந்தேன். பாதம் அகலமாக இருக்கிறதாம். பகல் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவளுக்குப் பாதம் வேறெப்படி இருக்கும்? அதைத் தரகர் வந்து எங்கள் அப்பாவிடம் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்று என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்பவும் புதுச் செருப்பு வாங்கப் போனால் அந்த ஞாபகம் வரும்.

சரி, அவர்கள் செய்ததைச் சொல்லிவிட்டேன். நான் செய்ததையும் சொல்லணுமில்ல? நாலாவதாக ஒரு பையன் வந்தார். 1996-ஆம் வருஷம். சாயப்பட்டறையில் வேலை. அமைதியாக உட்கார்ந்திருந்தார். எங்கள் அம்மா கொடுத்த காபியை வாங்கினார். அப்போதுதான் பார்த்தேன், பத்து நகமும் நீலம். விரல் இடுக்கிலும் நீலம். எனக்கு வயிற்றைப் புரட்டியது. "அந்தக் கையிலதான் சோறு பிசைவாரு, வேண்டாம்" என்று ஒரே பிடிவாதம். மாமா திட்டினார். "நகம் வளந்தா வெட்டிப் போட்டுட்டுப் போறான், இதெல்லாம் ஒரு காரணமாடி" என்றார். நான் கேட்கவில்லை. தரகரும் சும்மா இருந்தாரா? நான் சொன்ன அதே வார்த்தையைக் கொண்டுபோய் அந்த வீட்டில் இறக்கிவிட்டார்.

பாதம் அகலம் என்று சொன்னவர்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம்! அதே நான், ஆறு மாசம் கழித்து, உழைத்த கையைப் பார்த்து முகம் சுளித்தேன். அப்போது எனக்கு இரண்டும் ஒன்று என்று தோன்றவே இல்லை.

அப்புறம் இவரைப் பார்த்தார்கள். கட்டிங் மாஸ்டர். வெள்ளைச் சட்டை, கை சுத்தம், பேச்சு சுத்தம். எனக்கும் பிடித்தது. ஊர் பூராவும் விசாரித்தார்கள். குலம், கோயில், பங்காளி, பூர்வீகக் காடு எத்தனை ஏக்கர், எல்லாம் கேட்டார்கள். சனிக்கிழமை வாங்குகிற சம்பளம் எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அது லாட்டரிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. (சிரிப்பு) சிரிக்கிறீங்க. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. ஏழு வருஷம். தோடு போச்சு, சங்கிலி போச்சு. வட்டிக்காரன் வாசலில் வந்து உட்காருவான். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்களே, அதற்கப்புறம்தான் இவர் முழுச் சம்பளத்தை என் கையில் கொடுத்தார். அரசாங்கம் ஓட்டையை அடைத்துக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதே வருஷத்தில்தான் கந்துவட்டித் தடைச் சட்டமும் வந்தது. நான் குழுவில் சேர்ந்ததும் அந்த வட்டியில் இருந்து தப்பிக்கத்தான்.

சாயப்பட்டறைக்காரரை நான் மறுபடி பார்த்தேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூடினார்களே, ஊரே ஸ்தம்பித்துப் போனதே, அதற்குச் சில மாசம் கழித்து. ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். அவர் என்னை அடையாளம் கண்டாரா என்று தெரியவில்லை. பையை விரித்துப் பிடித்தபோது கையைப் பார்த்தேன். நகம் எல்லார் நகத்தையும் போலத்தான் இருந்தது. அவர் நல்ல மனுஷரா, கெட்ட மனுஷரா, எனக்குத் தெரியாது. அவரைக் கட்டியிருந்தால் நன்றாக இருந்திருப்பேன் என்றும் சொல்ல வரவில்லை. தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது, நான் நகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன், அவ்வளவுதான்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. நம் கம்பெனியில் ஷேடு என்று சொல்வோம். உடம்புத் துணி ஒரு ஷேடு, கைத் துணி ஒரு ஷேடு இருந்தால் பீஸை ஒதுக்கலாம், அதில் நியாயம் இருக்கிறது. மனுஷரை ஷேடு பார்த்து ஒதுக்குகிற பழக்கத்தை வைத்து ஒரு பெரிய வியாபாரமே நடந்தது. 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று 1975-ல் ஒரு கிரீம் வந்தது. 45 வருஷம் அந்தப் பெயரிலேயே விற்றார்கள். 2020-ல் உலகம் பூரா கறுப்பு வெள்ளைப் பேச்சு கிளம்பியபோது, 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாற்றினார்கள். அதே வருஷம் இன்டர்நெட்டில் வரன் பார்க்கிற ஷாதி டாட் காம், மாநிறமா சிவப்பா என்று நிறத்தை வைத்துத் தேடுகிற வசதியை எடுத்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கிற நம் நாட்டுப் பெண்கள் மனுப் போட்டுக் கேட்ட பிறகுதான் எடுத்தார்கள். டப்பாவில் பெயர் மாறிவிட்டது. நம் ஊர்த் தரகர் வாயில் இன்னும் மாறவில்லை. "பொண்ணு கொஞ்சம் மட்டு நிறமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் பவுன் கேட்கிறார்.

இங்கேதான் நம் கடன் நோட்டு வருகிறது. எங்கள் குழுவில் கல்யாணத்துக்கு என்று உள்கடன் எடுத்தவர்களை மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் எடுத்தது கொஞ்சம். மிச்சம் எல்லாம் 'குறைக்கு' எடுத்தது. நிறம் குறைவு, இரண்டு பவுன் சேர்த்துப் போடு. உயரம் குறைவு, வண்டி வாங்கிக் கொடு. பத்தாவதுக்கு மேல் படிக்கலை, பாத்திரம் சேர்த்துக் கொடு. படித்துவிட்டாலோ, படிச்ச பொண்ணுக்குப் படிச்ச மாப்பிள்ளை வேணும், அதற்கு இன்னும் ஐந்து பவுன். எப்படிப் போனாலும் ரேட் ஏறத்தான் செய்கிறது. கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. வரதட்சணை தடுப்புச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. வாங்கினாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம், குறைந்தது ஐந்து வருஷம் சிறை என்று இருக்கிறது. நாம் அதற்கு 'சீர்' என்று பெயர் வைத்து, குழுவில் தீர்மானம் போட்டு, 24 தவணையில் கட்டுகிறோம்.

பிள்ளைகள் தங்கள் சீரைத் தாங்களே சம்பாதிக்கட்டும் என்று மில்லுக்கு அனுப்பினதும் நம் பக்கத்து ஊர்களில் நடந்ததுதான். சுமங்கலித் திட்டம் என்று அழகான பெயர். மூன்று வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. தென் மாவட்டத்தில் இருந்து வந்த எத்தனை பிள்ளைகள் அந்தத் தொகைக்காக உடம்பைக் கெடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். இடையில் நின்றால் முழுத் தொகை கைக்கு வராது.

அரசாங்கம்கூட ஒரு விஷயத்தில் மாறியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் திருமண உதவித் திட்டம் கொண்டு வந்தார்கள். 2011-ல் இருந்து தாலிக்குத் தங்கமும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2022-ல் அதே அம்மையார் பெயரிலேயே அதை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளை காலேஜ் போனால் மாசம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டம் ஆக்கினார்கள். "தங்கத்தை நிறுத்திட்டாங்களே" என்று அன்றைக்குச் சத்தம் போட்டதில் நானும் ஒருத்தி. என் மகள் அதற்கு முன்பே காலேஜ் முடித்துவிட்டாள், இரண்டும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலும் கொஞ்சம் உண்டு, மறைக்க மாட்டேன்.

இப்போது காற்று கொஞ்சம் திரும்பி வீசுகிறது. பெண் பிள்ளைகள் 'வேண்டாம்' சொல்கிறார்கள். பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிற வீடுகளில், தாராபுரம், காங்கேயம் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற வீடுகளில் முப்பத்தஞ்சு வயசைத் தாண்டிய பையன்கள் பெண் கிடைக்காமல் இருக்கிறார்கள். கொங்கு நாட்டுப் பையன்கள் கேரளாவுக்குப் போய்ப் பெண் எடுத்து வருவது இப்போது சர்வ சாதாரணம். "இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குத் திமிரு, ஏசி ரூம் மாப்பிள்ளைதான் வேணுமாம்" என்று பையனைப் பெற்றவர்கள் அங்கலாய்க்கிறார்கள். ஒரு பக்கம் உண்மைதான். ஆனால் பெண் பிள்ளையே வேண்டாம் என்று ஒரு காலத்தில் சொன்னது யார்? 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்காகக் கொண்டு வந்தார்கள்? ஸ்கேனில் பார்த்துச் சொல்லக் கூடாது என்று 1994-ல் எதற்காகச் சட்டம் போட்டார்கள்? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயசு வரைக்கும் உள்ள 1,000 ஆண் குழந்தைக்கு 943 பெண் குழந்தைதான். அன்றைக்கு 'வேண்டாம்' என்று சொன்னதற்கு இன்றைக்கு வரிசையில் நிற்கிறோம். இந்தப் பையன்கள் பாவம், அவர்கள் செய்த தப்பு இல்லை.

தோட்டத்து மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையிடம் உட்கார்ந்து கேட்டால், மண் அழுக்கு என்று ஒருத்தி சொல்வாள். அது பிசிர். இன்னொருத்தி, "ஆறு மணிக்கு மேல பஸ் இல்லீங்க, நான் வேலைக்குப் போக முடியாதுங்க" என்பாள். அது பிசிர் இல்லை. ஹரியானாவில் 2005-ல் அரசாங்கமே, கக்கூஸ் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்காதீர்கள் என்று சுவரில் எழுதிப் பிரசாரம் செய்தது. கக்கூஸுக்காக மாப்பிள்ளை வேண்டாமா என்று முதலில் சிரித்திருப்பார்கள். இருட்டின பிறகு செம்பைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனவளுக்குத்தானே தெரியும் அது சின்ன விஷயமா இல்லையா என்று.

இப்போது என் மகள் கதை. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவளே சொல்லச் சொன்னாள்.

அவளுக்கு இருபத்தி நாலு வயசு. பி.காம். முடித்து ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் இருக்கிறாள். அவளோடு வேலை செய்கிற பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேசுவதைக் கேட்டால் நீங்கள் விழுந்து சிரிப்பீர்கள். ஒருத்தி, பையன் டீயை உறிஞ்சிக் குடிக்கிற சத்தம் பிடிக்காமல் வேண்டாம் என்றாளாம். ஒருத்தி, தினமும் காலையில் ரோஜாப்பூ படம் போட்டு 'இனிய காலை வணக்கம்' அனுப்பினான் என்பதால் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டாளாம். ஒருத்திக்குப் பையனின் மூக்கு முடி. ஒருத்திக்கு அவன் போட்டு வந்த பளபளா சட்டை. முன்னெல்லாம் மாமியார்மார் கையில் இருந்த சிவப்பு ஸ்டிக்கர் இப்போது பிள்ளைகள் கைக்கு வந்திருக்கிறது. எனக்கு அதில் உள்ளுக்குள்ளே கொஞ்சம் சந்தோஷம்தான். ஆனால் மூக்கு முடியை வெட்ட ஒரு கத்தரிக்கோல் போதுமே என்றும் நினைத்துக்கொள்வேன்.

என் மகளுக்குச் சொந்தத்தில் ஒரு வரன் வந்தது. நல்ல நிறம், உயரம், கம்ப்யூட்டர் வேலை, ஒரே பையன், குடிக்கிற பழக்கம் இல்லை. நான் லாட்டரியில் அடிபட்டவள் ஆச்சே, இந்தத் தடவை சம்பளம் எங்கே போகிறது என்பதுவரை விசாரித்தேன். இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கட்டும் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்கு அனுப்பினோம். எங்கள் காலத்தில் அதுவே பெரிய புரட்சி. நான் அதற்குள் குழுவில் 60,000 ரூபாய்க்கு மனுக் கொடுத்துவிட்டேன். தீர்மானமும் ஆகிவிட்டது. ஒரம்பரை எல்லாருக்கும் சொல்லியாச்சு.

இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் வந்து, "அம்மா, எனக்கு வேண்டாம்" என்றாள்.

"ஏன் அம்மிணி?"

"டேபிள் துடைக்க வந்த தாத்தாவை, ஏய், இங்க வாடான்னு கூப்பிட்டாரு."

நான் கத்தின கத்தல் தெருவுக்கே கேட்டது. இதெல்லாம் ஒரு காரணமா, யாரோ டேபிள் துடைக்கிற ஆளுக்காக நல்ல இடத்தை விடுவாயா, உனக்கு என்ன அவ்வளவு கொழுப்பு என்று. அன்றைக்கு எங்கள் மாமா என்னிடம் கேட்ட அதே கேள்வியை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "டேபிள் மேல வெச்சிருந்த என்ற போனை எடுத்துப் பார்த்தாரும்மா. என்னைக் கேக்கலை. இது யாரு, அது யாருன்னு ஒவ்வொரு பேரா கேட்டாரு. கல்யாணத்துக்கு அப்புறம் இந்த நம்பரெல்லாம் வேண்டாம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

அதை ஏன் முதலில் சொல்லலை என்று கேட்டேன். "அதைச் சொன்னா, ஆம்பளைன்னா அப்படித்தான் இருப்பான், உன்மேல பிரியம்னு சொல்லுவீங்க. அதான் தாத்தாவைச் சொன்னேன்" என்றாள்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஏனென்றால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்று ராத்திரி தூக்கமில்லை. கையை உள்ளே விட்டு விரித்துப் பார்த்திருக்கிறாள் பாருங்க. நான் கழுத்துப்பட்டியையும் நிறத்தையும் பார்த்து பாஸ் போட்ட பீஸ் அது. டேபிள் துடைக்கிற தாத்தாவை 'வாடா' என்கிற வாய், ஆறு மாசம் கழித்து வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அது கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்துத் தெரிந்தது? குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ல் வந்தது. அடித்தால் மட்டும் குற்றம் இல்லை, திட்டுவதும், பணத்தைக் கொடுக்காமல் முடக்குவதும் அதில் அடங்கும். உதவிக்கு 181 இருக்கிறது, எல்லாம் சரி. அந்த நம்பரைத் தேடுகிற நிலைமை வருவதற்கு முன்னாலேயே ஒரு பிள்ளை பேக்கரியில் வைத்துக் கண்டுபிடித்தால், அவளை நாம் 'கொழுப்பு' என்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும். நிறம், பல், உயரம் என்று இவ்வளவு நேரம் பேசினோம். ஆனால் முதல் கேள்வியாக நாம் கேட்பது இது எதுவும் இல்லை. "எந்த ஆளுங்க?" என்பதுதான். அதில் சரியில்லை என்றால் மற்ற எதையும் பார்ப்பதே இல்லை. அதைக் காரணம் என்றுகூட யாரும் சொல்வதில்லை, ஜாதகம் பொருந்தலை என்று சொல்லிவிடுகிறோம். 2016 மார்ச் 13, நம் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யாவுக்குத் தலையில் வெட்டு. கல்யாணமாகி எட்டு மாசம். அந்தப் பையனுக்கு என்ன குறை என்று யாராவது ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் காட்ட முடியுமா? பதினெட்டு முடிந்த பெண்ணும் இருபத்தொன்று முடிந்த பையனும் சம்மதித்தால் குடும்பமோ ஊரோ குறுக்கே வர உரிமை இல்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. இந்தக் கூட்டத்தில் எல்லா ஆளுங்களும் இருக்கிறோம். ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே நோட்டில் கையெழுத்துப் போடுகிறோம். ஒருத்தர் வாங்கின கடனுக்கு இன்னொருத்தர் ஜாமீன் நிற்கிறோம். கல்யாணம் என்று வந்தால் மட்டும் அந்தப் பாயைச் சுருட்டிவிடுகிறோம். என் மகள் நாளைக்கு வேறு ஆளுங்க பையனைக் கூட்டிவந்தால் நான் என்ன செய்வேன்? மேடையில் நின்று பொய் சொல்லக் கூடாது. முதல் நாள் அழுவேன். இரண்டாவது நாள் அவன் சம்பளம் எங்கே போகிறது என்று கேட்பேன். அப்படித்தான் நடந்துகொள்ளணும் என்று இப்போதே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

'வேண்டாம்' சொல்வது பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். பிடிக்கலை என்றால் பிடிக்கலைதான், அதற்கு எந்தப் பிள்ளையும் காரணம் காட்ட வேண்டியதில்லை. மூக்கு முடியாகவே இருக்கட்டும். முகத்தைப் பார்த்து வாழப் போகிறவள் அவள்தான். ஆனால் காரணத்தை அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்லாதீங்க. ஒத்து வரலைங்க என்று சொன்னால் போதும். தரகர் நோண்டிக் கேட்டாலும் சொல்லாதீங்க. என் பாதத்தை முப்பது வருஷமாக நான் சுமக்கிறேன். அவர் தன் நகத்தை எத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

கடன் கணக்குக்கு வருகிறேன், தலைவி அக்கா மணியைப் பார்க்கிறார்கள். அந்த 60,000 ரூபாய் என்ன ஆச்சு என்று கேட்பீங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்தில் எழுந்து, எனக்குக் கடன் வேண்டாம், கல்யாணம் நின்றுபோச்சு என்றேன். எல்லாரும் 'அடடா' என்றார்கள். "அவங்க என்ன குறை சொன்னாங்க?" என்று ஒரு அக்கா கேட்டார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லலை, நாங்கதான் வேண்டாம்னுட்டோம் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிரதிநிதிக்குத் தீர்மான நோட்டில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கடனை ரத்து செய்தால் காரணம் எழுதணும். 'மாப்பிள்ளை வீட்டார் மறுத்ததால்' என்று முன்னாடி இரண்டு மூன்று தடவை எழுதியிருக்கிறோம், அதைப் பார்த்தே எழுதப் போனார்கள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் 'மணமகளுக்கு விருப்பமில்லாததால்' என்று எழுதினோம். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அந்தப் பணம் அடுத்த வாரமே எங்கள் குழுவில் ஒரு தங்கச்சிக்குப் போச்சு. செகண்ட் ஹேண்டில் ஒரு ஓவர்லாக் மெஷின் வாங்கினாள். இரண்டு தவணை கட்டியாச்சு, மூன்றாவது வருகிற செவ்வாய்க்கிழமை.